88 சதவீதம் யாருடையது?

2024 மே மாதம். ஹரியானாவின் சோனிப்பட்டில் உள்ள ஜிண்டால் குளோபல் சட்டப் பள்ளியில் முதுநிலை மாணவர் ஒருவர் ஒரு பாடத்துக்கான தேர்வு விடையைச் சமர்ப்பித்தார். அந்த விடையில் 88 சதவீதம் ஏஐ எழுதியது என்று கூறி, பல்கலைக்கழகத்தின் முறைகேட்டு விசாரணைக் குழு அவரைத் தோல்வியடைந்தவராக அறிவித்தது. மாணவர் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். விடை என் சொந்தப் படைப்பு. ஏஐ பயன்படுத்தக் கூடாது என்று தெளிவான விதி எதுவும் இருக்கவில்லை. பயன்படுத்தினேன் என்பதற்கு ஆதாரமும் காட்டப்படவில்லை என்பவை அவர் வாதங்கள். அந்த ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் பல்கலைக்கழகத்திடம் விளக்கம் கேட்டது. வழக்கு முடிவுக்கு வருமுன்பே பல்கலைக்கழகம் அவரைத் தேர்ச்சி பெற்றவராக ஏற்றுக்கொண்டது. வழக்கும் முடித்துவைக்கப்பட்டது.

மாணவருக்குப் பிரச்சினை தீர்ந்தது. மற்றவர்களுக்குத் தீரவில்லை. 88 என்ற எண்ணைச் சாட்சியமாக ஏற்கலாமா? மீதி 12 சதவீதம் மட்டும்தான் மாணவருடையதா? விதியே இல்லாத இடத்தில் குற்றம் எப்படி வந்தது? நீதிமன்றம் இவற்றுக்கு விடை சொல்ல வேண்டிய அவசியம் எழாமலே போயிற்று. இன்று இந்தியாவின் ஒவ்வொரு கல்லூரித் துறைத்தலைவரின் மேசையிலும் இந்தக் கேள்விகள் கிடக்கின்றன.

ஏஐ காலத்தில் கல்வி நேர்மையைச் சதவீதத்தால் அளக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். யார் எழுதியது என்று துப்பறிவதை விட்டு, எழுதியதற்கு மாணவர் பொறுப்பேற்க முடிகிறதா என்று கேட்கும் முறைக்கு நாம் மாற வேண்டும். அந்த மாற்றத்தில் மாணவருக்கு இருக்கும் கடமையைவிட ஆசிரியருக்கும் நிறுவனத்துக்கும் இருக்கும் கடமை அதிகம்.

சதவீதம் வந்த வழி

சதவீதத்தின் மீதான இந்த நம்பிக்கை ஏஐயோடு பிறந்ததன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிமுறைகளைக் கொண்டுவந்தது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளைக் காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் 'சோத்சுத்தி' என்ற திட்டத்தின் மூலம் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கியது.

நோக்கம் நல்லது. நடைமுறையில் என்ன ஆயிற்று என்பது ஆய்வு மாணவர்களுக்குத் தெரியும். "உங்களுக்கு எத்தனை சதவீதம் வந்தது?" என்பதே ஆய்வேட்டைப் பற்றிய முதல் கேள்வியாயிற்று. சொற்களை மாற்றிப் போட்டுச் சதவீதத்தைக் குறைத்துத் தருவது ஒரு தொழிலாயிற்று. பிறர் கருத்தைத் திருடியவர் சொற்களை மட்டும் மாற்றினால் 9 சதவீதத்தில் தப்பிவிடலாம் என்ற ஓட்டையை எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

இருந்தாலும் அந்த மென்பொருளுக்கு ஒரு நியாயம் இருந்தது. ஒரு பத்தி ஒத்துப்போகிறது என்றால் எந்த நூலோடு, எந்தக் கட்டுரையோடு என்று அது காட்டும். நெறியாளர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மேற்கோளாக எடுத்தாண்ட சங்கப் பாடலையும் திருடிய பத்தியையும் பிரித்தறியலாம். மாணவரும் தன் பக்கத்து விளக்கத்தைச் சொல்லலாம். அங்கே எண் ஒரு தொடக்கம்தான், முடிவெடுப்பவர் மனிதர்.

ஏஐ கண்டறியும் மென்பொருள் தரும் சதவீதம் வேறு இனம். ஏஐ எழுதிய பத்திக்கு மூலம் என்று ஒன்று எங்கும் இல்லை. ஒவ்வொரு முறையும் அது புதிதாகச் சொற்களைக் கோக்கிறது. ஒப்பிட எதுவும் இல்லாதபோது மென்பொருள் ஊகிக்க மட்டுமே முடியும். அந்த ஊகமும் பழைய அறிக்கையில் வந்த எண்ணைப் போலவே சதவீதக் குறியோடு அச்சாகி வருவதால் இரண்டும் ஒன்று என்று எண்ணிவிடுகிறோம். 2018 விதிமுறை பழக்கிவிட்ட கண்ணுக்கு 88 என்பது ஆதாரம் போலத் தெரிகிறது.

மென்பொருளின் ஊகம்

சாட்ஜிபிடி போன்றவை அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து எழுதுகின்றன. அவற்றைக் கண்டறியும் மென்பொருள்களில் பல இதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கின்றன. ஒரு வாக்கியத்தின் சொற்கள் எளிதில் ஊகிக்கக்கூடியவையாக, வாக்கியங்கள் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருந்தால் ஏஐ. எதிர்பாராத சொல்லும் ஏற்ற இறக்கமும் இருந்தால் மனிதர். இதில் உள்ள பிழை ஆங்கிலத்தை வகுப்பறையில் மட்டும் கற்றவர்களுக்கு உடனே புரியும். ஆசிரியர் சொல்லித்தந்த வாக்கிய அமைப்பில், தெரிந்த சொற்களை வைத்து, பிழை வராதபடி பயந்து பயந்து எழுதும் மாணவரின் ஆங்கிலமும் ஊகிக்கக்கூடியதுதான்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸோவின் குழு 2023-இல் 'பேட்டர்ன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதை எண்களில் காட்டியது. ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் டோஃபெல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு மென்பொருள்களிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகள் ஏஐ எழுதியவை என்று முத்திரை குத்தப்பட்டன. ஏதாவது ஒரு மென்பொருளிடமாவது மாட்டிக்கொண்டவை 97 சதவீதத்துக்கும் மேல். அமெரிக்காவின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதியவற்றையோ அதே மென்பொருள்கள் பெரும்பாலும் சரியாகவே மனித எழுத்து என்றன. பிறகு ஆய்வாளர்கள் அந்த டோஃபெல் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடமே கொடுத்து, சொல்வளத்தைக் கூட்டச் சொன்னார்கள். முத்திரை குத்தப்படும் விகிதம் 12 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. தானாக எழுதியவர் மாட்டுகிறார். ஏஐயிடம் கொடுத்துத் திருத்தியவர் தப்புகிறார்.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தின் மேல் வீண்பழி சுமத்தியது. துல்லியம் போதவில்லை என்று சொல்லி அதே ஆண்டு ஜூலையில் அதை மூடிவிட்டார்கள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் டர்னிட்டின் மென்பொருளின் ஏஐ கண்டறியும் வசதியை 2023 ஆகஸ்டில் நிறுத்தியது. அவர்கள் போட்ட கணக்கு எளிமையானது. 2022-இல் அங்கே டர்னிட்டினில் ஏற்றப்பட்டவை 75,000 பணிகள். டர்னிட்டின் நிறுவனம் சொல்வதுபோல் பிழை 1 சதவீதம்தான் என்று வைத்துக்கொண்டாலும், 750 பணிகள் குற்றமின்றிக் குற்றம் சாட்டப்படும்.

மென்பொருளை விட்டுவிட்டு அனுபவமுள்ள ஆசிரியரின் கண்ணை நம்பலாமா? இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்கார்ஃப் தலைமையிலான குழு இதைச் சோதித்தது. 33 போலி மாணவர் கணக்குகளை உருவாக்கி, உளவியல் பட்டப்படிப்பின் இணையவழித் தேர்வுகளுக்கு ஏஐ எழுதிய விடைகளை அப்படியே அனுப்பினார்கள். திருத்தியவர்களுக்கு இது தெரியாது. அனுப்பியவற்றில் 94 சதவீதத்தின்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மதிப்பெண்ணும் உண்மையான மாணவர்களைவிடச் சராசரியில் கூடுதல். 2024 ஜூனில் வெளிவந்த இந்த முடிவு, "எனக்குப் பார்த்தாலே தெரிந்துவிடும்" என்று சொல்லும் நம் ஆசிரியர்களும் படிக்க வேண்டியது.

2023 மே மாதம் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் காமர்ஸ் வளாகத்தில் ஓர் ஆசிரியர் இன்னொரு படி போனார். மாணவர்களின் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடமே கொடுத்து, "இதை நீ எழுதினாயா?" என்று கேட்டார். அது ஆமாம் என்றது. வகுப்பில் பலருக்கு மதிப்பெண் நிறுத்திவைக்கப்பட்டது. மற்றவர்களுக்குத் தான் எழுதிக்கொடுத்ததை நினைவில் வைத்து ஒப்பிடும் திறன் சாட்ஜிபிடிக்குக் கிடையாது; கேள்விக்குப் பொருத்தமாகத் தோன்றும் விடையைத் தருவதே அதன் வேலை. மாணவர்கள் ஏஐயைப் பொறுப்பாகக் கையாள வேண்டும் என்று எதிர்பார்க்கும் முன் ஆசிரியர்களும் அது எப்படி இயங்குகிறது என்று அறிந்திருக்க வேண்டும்.

பழைய சந்தை, புதிய விலை

ஏஐ வந்துதான் மாணவர்களின் நேர்மை கெட்டது என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு ப்ராஜெக்டை விலைக்கு வாங்குவது பல ஆண்டுகளாக நடக்கும் வியாபாரம். தலைப்பு, நிரல், அறிக்கை, பைண்டிங், வைவாவில் என்ன சொல்ல வேண்டும் என்ற பயிற்சி வரை எல்லாம் சேர்ந்த தொகுப்பாக 'ப்ராஜெக்ட் சென்டர்'கள் விற்றன. சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதாத அறிவியல் மாணவரைக் கண்டுபிடிப்பது கடினம். கலைக் கல்லூரிகளில் அசைன்மென்ட் என்பது பாடநூலின் நான்கு பக்கத்தை வெள்ளைத்தாளில் பார்த்து எழுதி, தலைப்புக்கு ஸ்கெட்ச் பேனாவால் அடிக்கோடு போட்டுக் கொடுப்பதாகவே இருந்தது. வாங்குபவரும் படிப்பதில்லை. இன்டர்னல் மதிப்பெண்ணுக்கு ஒரு சடங்கு.

ஏஐ இந்தச் சந்தையின் விலையைத்தான் உடைத்தது. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கியதை இப்போது கைப்பேசி வைத்திருக்கும் எவரும் இலவசமாகப் பெறலாம். பிரிட்டனின் உயர்கல்விக் கொள்கை நிறுவனம் 2025-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் 92 சதவீத மாணவர்கள் ஏதோ ஒரு வகையில் ஏஐ பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். முந்தைய ஆண்டில் அது 66 சதவீதம். மதிப்பெண் பெறும் பணிகளுக்கே பயன்படுத்துவோர் ஓராண்டில் 53-இலிருந்து 88 சதவீதமாயினர். ஏஐ எழுதிய வரிகளை அப்படியே தன் பணியில் சேர்ப்பதாகச் சொன்னவர்கள் 18 சதவீதம். பெரும்பாலானோர் புரியாததை விளக்கக் கேட்கிறார்கள், கட்டுரையைச் சுருக்கக் கேட்கிறார்கள், என்ன எழுதலாம் என்று யோசனை கேட்கிறார்கள். எல்லாரையும் ஒரே பெயரில் திருடர் என்று அழைத்தால், எங்கே கோடு போடுவது என்று கேட்க வரும் நேர்மையான மாணவரையும் இழந்துவிடுவோம்.

எழுதும்போது நடப்பது

கோடு எங்கே என்பதற்கு ஒழுக்கப் போதனையைவிடச் சோதனை முடிவுகள் நல்ல வழிகாட்டி. 2023-இல் துருக்கியின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களைக் கொண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஹம்சா பஸ்தானியும் சகாக்களும் ஒரு கணிதச் சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவுக்குச் சாட்ஜிபிடி போன்ற, கேட்டதற்கு விடை தரும் கருவி. இன்னொரு பிரிவுக்கு அதே ஏஐ, ஆனால் விடையைச் சொல்லாமல் ஆசிரியர்கள் வகுத்த குறிப்புகளை மட்டும் தரும்படி கட்டுப்படுத்தப்பட்டது. மூன்றாம் பிரிவுக்குப் பாடநூலும் நோட்டும் மட்டும்.

பயிற்சிக் கணக்குகளில் முதல் பிரிவு 48 சதவீதமும் இரண்டாம் பிரிவு 127 சதவீதமும் கூடுதலாகச் சாதித்தன. பிறகு கருவிகளை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். கேட்டவுடன் விடை பெற்றுப் பழகிய முதல் பிரிவு, ஏஐயே தொடாத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கியது. குறிப்பு மட்டும் பெற்ற பிரிவுக்கு அந்தச் சரிவு ஏற்படவில்லை. இதில் கவலைக்குரிய செய்தி ஒன்று உண்டு: முதல் பிரிவு மாணவர்களுக்குத் தாம் குறைவாகக் கற்றோம் என்பதே தெரியவில்லை.

எதிர்ப்பக்கத்தில், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்பில் கவனமாக வடிவமைக்கப்பட்ட ஏஐ ஆசானிடம் கற்றவர்கள், நல்ல வகுப்பறைப் பாடத்தில் அமர்ந்தவர்களைவிட இருமடங்குக்கும் மேல், அதுவும் குறைந்த நேரத்தில் கற்றார்கள் என்று 2025-இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியான ஆய்வு சொல்கிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முரண்பாடு இல்லை. சிந்திக்கும் சிரமத்தை ஏஐ எடுத்துக்கொண்டால் கற்றல் குறைகிறது; சிரமத்தை மாணவரிடமே விட்டுவிட்டு வழியை மட்டும் காட்டினால் கற்றல் கூடுகிறது. ஆகவே ஒரு பணியில் ஏஐயைப் பயன்படுத்தலாமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. அந்தப் பணி எந்தத் திறனை வளர்க்கக் கொடுக்கப்பட்டதோ அந்தத் திறனை ஏஐயிடம் ஒப்படைக்கக் கூடாது. மற்றவற்றில் உதவி பெறலாம். வரலாற்று மாணவர் ஆய்வுக் கட்டுரையின் ஆங்கில இலக்கணத்தைத் திருத்திக்கொள்வது வேறு. ஆங்கில இலக்கிய மாணவர் தன் நடையை ஏஐயிடம் கொடுப்பது வேறு. நிரல் எழுதக் கற்கும் முதலாண்டு மாணவருக்கு விலக்கப்பட்டது, அதே நிரலைக் கொண்டு வெள்ளத் தரவை ஆராயும் குடிசார் பொறியியல் மாணவருக்கு இயல்பான உதவி. எது எந்தப் பணிக்கு என்று சொல்ல வேண்டியவர் பணியைக் கொடுத்த ஆசிரியர். அதைச் சொல்லாமல் விட்டுப் பின்னர் தண்டிப்பது நியாயமாகாது.

இந்த இடத்தில் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஆங்கிலவழிக் கல்லூரிக்குள் நுழையும் மாணவரை நினைத்துப் பார்க்க வேண்டும். வகுப்பில் ஓடிய ஆங்கிலம் பாதி புரியாமல், கேட்கவும் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கும் அவருக்கு, இரவில் தமிழில் விளக்கிச் சொல்ல ஓர் ஆசான் கைப்பேசியிலேயே கிடைக்கிறார். வீட்டில் படித்தவர்களோ டியூஷனுக்குப் பணமோ இல்லாதவருக்கு இது சிறிய வரவன்று. முழுத்தடை விதித்தால், வசதியுள்ளவர் வேறு உதவியைத் தேடிக்கொள்வார், இழப்பு இவருக்குத்தான்.

இல்லாத நூல்கள்

ஏஐ எழுதுவதை மாணவர் சரிபார்க்க வேண்டும் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. எதை, எங்கே என்று சொல்வதில்லை. முதலில் பார்க்க வேண்டியது துணைநூற்பட்டியல். வில்லியம் வால்டர்ஸ், எஸ்தர் வைல்டர் இருவரும் 2023-இல் சாட்ஜிபிடி தந்த துணைநூல் குறிப்புகளைத் தேடிப் பார்த்தார்கள். பழைய 3.5 பதிப்பு தந்தவற்றில் 55 சதவீதம் எங்குமே இல்லாத கட்டுரைகள். ஜிபிடி-4 தந்தவற்றிலும் 18 சதவீதம் அப்படியே. ஆசிரியர் பெயர் உண்மையாக இருக்கும், இதழும் உண்மையாக இருக்கும், அந்தக் கட்டுரை மட்டும் இருக்காது. 2023 ஜூனில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனு எழுதிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. சட்டம் படித்துப் பல ஆண்டு தொழில் செய்தவர்களே நம்பிவிட்ட இடத்தில் மாணவர் நம்புவது வியப்பில்லை.

தமிழில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். இணையத்தில் தமிழ் எழுத்து குறைவு என்பதால் ஏஐ கற்றதும் குறைவு. ஒரு கருத்துக்குச் சங்க இலக்கிய மேற்கோள் கேட்டால், பழந்தமிழ் போல ஒலிக்கும் வரியைப் புனைந்து, பாடல் எண்ணும் புலவர் பெயரும் சேர்த்துத் தரக்கூடும். அகநானூற்றில் 400 பாடல்கள்தான். எண்ணை எடுத்துப் பார்க்கச் சில நிமிடம் போதும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், 1998-இலிருந்து தன்னார்வலர்களால் நடக்கும் மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் தளம், பழைய அச்சுநூல்களுக்குச் சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று சரிபார்க்கும் இடங்கள் நமக்கு இருக்கின்றன. ஏஐயை அனுமதிக்கும் எந்தத் தமிழ்த் துறையும் அதோடு சேர்த்து இந்த இடங்களில் தேடக் கற்றுக்கொடுப்பதையும் பாடமாக்க வேண்டும்.

நிர்வாகத்துக்கும் இதில் ஒரு பிடிமானம் உண்டு. ஒரு பத்தியை ஏஐ எழுதியதா என்று நிரூபிக்க முடியாது. துணைநூற்பட்டியலில் உள்ள கட்டுரை உலகில் இல்லை என்பதை அரைமணியில் நிரூபிக்கலாம். எடுக்காத பேட்டியை எடுத்ததாகச் சொன்னதை, செய்யாத சோதனைக்குத் தரவு காட்டியதை விசாரித்து அறியலாம். பொய்ச் சான்று ஏஐ வருவதற்கு முன்பும் குற்றம்தான். நிரூபிக்க முடிந்ததற்குத் தண்டனை கொடுங்கள். நிரூபிக்க முடியாததைக் கேள்வி கேட்டுச் சோதியுங்கள். இந்தப் பிரிவினை ஒன்றே பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும்.

தடை, பிறகு இரண்டு பாதைகள்

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது. 2023 ஜனவரியில் நியூயார்க் நகரப் பொதுப்பள்ளிகள் அதைத் தம் கணினிகளிலும் வலைப்பின்னலிலும் தடுத்தன. மே மாதம் தடை விலக்கப்பட்டது. முதல் தடை பயத்தில் விதிக்கப்பட்டது என்று பள்ளித்துறைத் தலைவர் டேவிட் பேங்க்ஸ் வெளிப்படையாகவே எழுதினார். சீனாவின் ஃபூடான் பல்கலைக்கழகம் 2024 நவம்பரில் வேறு வழி கண்டது: இளநிலை ஆய்வேட்டின் உரை எழுதுவது, முக்கியப் படங்களையும் தரவையும் உருவாக்குவது போன்றவற்றில் ஏஐ கூடாது என்று பட்டியல் போட்டது. பட்டியல் தெளிவானது. மீறியதைக் கண்டுபிடிப்பது எப்படி என்ற பழைய கேள்வி அதற்குப் பின்னால் அப்படியே நிற்கிறது.

ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகம் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கியது. மீறலைக் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் தடை விதிப்பது, நேர்மையாளரை மட்டும் கட்டுப்படுத்தும் விதி என்று கண்டது. எனவே தேர்வு முறையை இரண்டாகப் பிரித்தது. ஒன்று, கண்காணிப்போடு நேரில் நடக்கும் தேர்வுகள்: எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, செய்முறை. ஏஐ கூடுமா என்று ஆசிரியர் முடிவு செய்வார். அதை அமல்படுத்தவும் முடியும். மற்றது, வீட்டிலிருந்து செய்யும் திறந்த பணிகள்: 2025 முதல் இவற்றில் ஏஐ கூடும் என்பதே இயல்பு விதி, எதற்குப் பயன்படுத்தினேன் என்று மாணவர் சொல்ல வேண்டும். பட்டத்துக்குத் தேவையான திறன் மாணவரிடம் உண்மையில் இருக்கிறதா என்பதை முதல் வகை உறுதிசெய்கிறது. இரண்டாம் வகை கற்பதற்கான களம்.

இதற்கு அடியில் ஓர் ஆழமான கருத்து இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிலிப் டாசனும் சகாக்களும் 2024-இல் எழுதிய கட்டுரையில், ஏமாற்றைப் பற்றிய கவலையைவிட மதிப்பீடு செல்லுமா என்ற கவலைதான் முதன்மையானது என்று வாதிட்டார்கள். ஒரு மாணவர் ஒழுக்கம் தவறினாரா என்பது தனிமனிதரைப் பற்றிய கேள்வி. நாம் கொடுத்த 25 மதிப்பெண் எதை அளந்தது என்பது நிறுவனத்தைப் பற்றிய கேள்வி. ஏஐ ஐந்து நிமிடத்தில் முடித்துவிடக்கூடிய அசைன்மென்ட் எதையும் அளக்கவில்லை என்றால், முதலில் விசாரிக்க வேண்டியது அந்த அசைன்மென்டைத்தான்.

நம் வகுப்பறையில்

எழுதியவர் அவையில் நின்று தன் எழுத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டு ஆசான் முன் அரங்கேறியது என்று பனம்பாரனாரின் சிறப்புப்பாயிரம் சொல்கிறது. தடை எழுப்புவதும் விடை சொல்வதும் அரங்கேற்றத்தின் உயிர். இன்றும் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குப் பொது வாய்மொழித் தேர்வு உண்டு. அதைப் பெரும்பாலும் வாழ்த்துக் கூட்டமாக்கிவிட்டோம் என்பது வேறு கதை. அந்த முறையை உயிரோடு திரும்பக் கொண்டுவருவதும், இளங்கலை வகுப்பு வரை கீழே இறக்குவதும்தான் ஏஐக்கு நாம் தரக்கூடிய மிக நேரான பதில்.

உடனே வரும் மறுப்பு நியாயமானது: 60 பேர் இருக்கும் வகுப்பில் எப்படி? ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றால் 300 நிமிடம், ஐந்து மணி நேரம். மூன்று வகுப்பு எடுக்கும் கௌரவ விரிவுரையாளருக்கு இது பாரம்தான். ஆனால் ஒரு பருவத்தில் யாரும் படிக்காத மூன்று அசைன்மென்டுக்குப் பதில் ஒன்றே ஒன்று போதும். எல்லோரிடமும் கேட்க முடியாவிட்டால் குலுக்கலில் பத்துப் பேரைக் கூப்பிடலாம். தன் பெயரும் வரலாம் என்ற எதிர்பார்ப்பே மற்ற ஐம்பது பேரைப் படிக்க வைக்கும். கேள்விகளும் எளிமையானவைதான். இந்தப் பத்தியில் ஏன் இந்தச் சான்றை வைத்தாய்? இதற்கு எதிரான கருத்து எது? இந்த நூலை எங்கே பார்த்தாய்? ஏஐ எழுதியதாகவே இருந்தாலும், அதைச் சரிபார்த்து, புரிந்துகொண்டு, மறுப்புக்கும் விடை சொல்லும் மாணவர் ஏதோ கற்றிருக்கிறார். தானே எழுதியும் விடை சொல்லத் தெரியாதவர் கற்கவில்லை.

பணியின் வடிவத்தையும் மாற்றலாம். 'நீர் மேலாண்மையின் முக்கியத்துவம்' என்று தலைப்புக் கொடுத்தால் ஏஐ நொடியில் எழுதும். உன் ஊர் ஏரியின் மதகு எந்த நிலையில் இருக்கிறது, பாசன நீரைப் பங்கிடும் வழக்கம் என்ன, அது எப்போது மாறியது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதச் சொன்னால், மாணவர் வீட்டை விட்டு வெளியே வர வேண்டியிருக்கும். இதற்கும் ஏஐ கற்பனை விடை எழுதும். அதனால் களக்குறிப்பு நோட்டு, புகைப்படம், முதல் வரைவு, திருத்திய வரைவு எல்லாவற்றையும் சேர்த்து வாங்க வேண்டும். முடிந்த தாளுக்கு மட்டும் கொடுத்துவந்த மதிப்பெண்ணில் ஒரு பங்கு இந்த வேலைக்கும் போக வேண்டும்.

மாணவர் பக்கத்தில் பொறுப்பு என்பது நான்கு கடமைகளில் அடங்கும். எந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்தினேன் என்று பணியின் இறுதியில் ஒரு பத்தியில் சொல்வது. ஏஐ தந்த ஒவ்வொரு பெயரையும் ஆண்டையும் மேற்கோளையும் மூலத்தில் பார்த்த பிறகே எழுதுவது. திரையைப் பார்க்காமல் விளக்க முடியாத எந்த வாக்கியத்தையும் தன் பெயரில் கொடுக்காதிருப்பது. களஆய்வில் தம்மை நம்பிப் பேசியவர்களின் பெயர், நோய், கடன், சாதி பற்றிய விவரங்களை ஏஐயில் ஏற்றாதிருப்பது. கடைசியாகச் சொன்னதை நம் வழிகாட்டிகள் அடிக்கடி மறந்துவிடுகின்றன. சமூகப்பணி மாணவரின் நோட்டில் இருப்பது அவருடைய தகவல் மட்டுமன்று. அதில் வேறொருவரின் வாழ்க்கை இருக்கிறது.

மாணவர் உண்மையைச் சொன்னால் மதிப்பெண் குறையும் என்ற நிலை இருக்கும்வரை யாரும் சொல்லமாட்டார்கள். "ஏஐயிடம் இலக்கணம் திருத்தினேன்" என்று எழுதியவருக்கு இரண்டு மதிப்பெண் குறைத்து, மறைத்தவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கும் வகுப்பு பொய் சொல்லத்தான் கற்றுக்கொடுக்கிறது.

என்ன செய்ய வேண்டும்

2018 விதிமுறையின் அட்டவணையில் 'ஏஐ சதவீதம்' என்று இன்னொரு வரிசையைச் சேர்ப்பது நிர்வாகத்துக்கு எளிது. அந்த எளிய வழியை மானியக் குழுவும் பல்கலைக்கழகங்களும் எடுக்கக் கூடாது. கண்டறியும் மென்பொருளின் அறிக்கையை மட்டும் வைத்து எந்த மாணவரையும் தண்டிக்கக் கூடாது என்று எழுத்தில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாடத்திட்டத்திலும் எந்தப் பணிக்கு எந்த அளவு ஏஐ கூடும் என்று பருவத்தின் முதல் நாளே அறிவிக்க வேண்டும். போலிச் சான்றுக்கும் போலித் தரவுக்கும் கடுமையான தண்டனை இருக்க வேண்டும். வாய்மொழித் தேர்வுக்கு ஆசிரியருக்கு நேரம் ஒதுக்க வேண்டும். அதற்குக் காலியிடங்களை நிரப்ப வேண்டும் என்றால் நிரப்ப வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. அரசாணை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த பருவத்துக்கு அசைன்மென்ட் தலைப்பு எழுதும் ஆசிரியர், அதை முதலில் ஏஐயிடம் கொடுத்துப் பார்க்கட்டும். வரும் விடைக்குத் தாமே எத்தனை மதிப்பெண் போடுவோம் என்று நேர்மையாகச் சொல்லட்டும். பத்துக்கு எட்டு என்றால், மாற்ற வேண்டியது தலைப்பு.